200 டி-ஷர்ட், ஒரு சிறிய யூனிட்: சொந்த டிசைனை உள்ளூரிலேயே தைத்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சொந்தமாக டிசைன் வரைகிறவர், ஊரில் சின்னத் துணிக்கடை வைத்திருப்பவர், கல்லூரி விழாவுக்கு டி-ஷர்ட் அடிக்க வேண்டிய மாணவர் குழு. மூன்று பேருக்கும் ஒரே இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது: 200 பீஸ் மட்டும் யார் தைத்துக் கொடுப்பார்கள்? பெரிய கம்பெனி வாசலில் இந்த எண்ணைச் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தெருமுனை டெய்லரிடம் பனியன் துணி தைக்கிற மெஷின் இருக்காது. இடையில் இருப்பவைதான் சிறு யூனிட்டுகள். பத்து முதல் முப்பது மெஷின் வரை போட்டு, ஓனரும் கூடவே நின்று வேலை பார்க்கிற இடங்கள். திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சந்துக்குச் சந்து இருக்கின்றன.

இந்த வழிகாட்டி அந்த யூனிட்டுகளோடு சேர்ந்து வேலை செய்வது பற்றியது. உள்ளூர்த் தயாரிப்பை ஆதரிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் நிறைய. ஆனால் ஒரு யூனிட் ஓனரின் கணக்கு நோட்டில் ஆதரவு என்பது தெளிவான ஆர்டர், முன்பணம், சொன்ன தேதியில் பாக்கி, அப்புறம் இரண்டாவது ஆர்டர். இந்த நான்கையும் சரியாகச் செய்தால் உங்கள் சரக்கும் தானாக நன்றாக வரும். அதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு வட்டக் கழுத்து, அரைக்கை காட்டன் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கலர், கலருக்கு 100.

படி 1: சரக்கு எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே கட்டடத்துக்குள் உருவாவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும். பின்னிய துணி டையிங்குக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு (துவைத்தால் அதிகம் சுருங்காதபடி துணியை அழுத்திப் பதப்படுத்துகிற வேலை), பிறகு கட்டிங். வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்குப் போய்த் திரும்பித் தையலுக்கு வரும். கடைசியாகச் செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொன்றையும் தனித்தனி ஆட்கள் கூலிக்குச் செய்து தருவார்கள்; இதற்குப் பெயர் ஜாப் ஒர்க்.

இந்த அமைப்பால்தான் சின்ன ஆளும் உள்ளே நுழைய முடிகிறது. மெஷின் எதுவும் வாங்காமல் ஒரு பிராண்டு தொடங்கலாம். ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடை குறையலாம், நாள் தள்ளிப்போகலாம், நீங்கள் சொன்னது வேறாகக் காதில் விழலாம். அதனால் முதல் லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையாகத் தைக்கிற முதல் தொகுதிக்கு, நூலிலிருந்து தொடங்காதீர்கள். டையிங், காம்பாக்டிங் முடிந்த துணியாகவே வாங்கி, கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை ஒரே யூனிட்டில் கொடுங்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கூடும். பரவாயில்லை, தலைவலி பாதியாகிவிடும்.

படி 2: டிசைனை லாட்டுக்கு ஏற்றபடி வரையுங்கள்

"பீசு கம்மிங்க, ரேட்டு கட்டாதுங்க." சின்ன ஆர்டரோடு போகிற எல்லோரும் கேட்கிற வசனம் இது. தட்டிக் கழிக்கிற பேச்சு என்று நினைக்க வேண்டாம், அதில் நியாயம் இருக்கிறது. தோளும் பக்கமும் இணைக்க, கழுத்துப் பட்டி வைக்க நான்கு நூல் ஓவர்லாக், கையும் அடியும் மடித்துத் தைக்க பேட்லாக், லேபிள் வைக்க சிங்கர். கலர் மாறும்போதெல்லாம் இத்தனை மெஷினிலும் நூல் மாற்றி, டென்ஷன் பார்த்து, வெட்டுத் துண்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2,000 பீஸிலும் அதே வேலை, 100 பீஸிலும் அதே வேலை. டெய்லருக்கு பீஸ் ரேட் என்றால் அந்த நேரத்துக்குக் கூலியே கிடையாது.

ஆகவே யூனிட்டின் நேரத்தைத் தின்னாத டிசைன்தான் சின்ன லாட்டுக்கு நல்ல டிசைன். இரண்டு கலரை எடுக்கும்போது கருப்பும் அடர் நீலமும் போலப் பக்கத்துக் கலர்களாக எடுத்தால், உள்தையல் நூலையாவது ஒன்றாக வைத்துக்கொள்ள முடியுமா என்று யூனிட்டிடமே கேட்கலாம். பிரிண்டை இரண்டு துணியிலும் எடுக்கிற மாதிரி ஒரே கலரில் வரையுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கலருக்கு ஒரு ஸ்கிரீன். நான்கு கலர் படம் என்றால் நான்கு ஸ்கிரீன் செலவும் 200 பீஸின் தலையில் விழும். பல கலர் படம்தான் வேண்டும் என்றால் டிடிஎஃப் பக்கம் போகலாம். ஃபிலிமில் அச்சடித்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுகிற முறை அது. ஸ்கிரீன் செலவு இல்லை. ஆனால் நெஞ்சு முழுக்க அப்பிய பெரிய டிடிஎஃப் படம் நம் ஊர் வெயிலில் வியர்வையை வெளியே விடாது. சின்னதாக, இடைவெளி விட்டு வரைந்தால் தப்பிக்கலாம்.

பாக்கெட், பக்கத்தில் ஜிப், கையில் வேறு கலர் பட்டி இதெல்லாம் மூன்றாவது லாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சைஸ் ரேஷியோவில்தான் பணம் மாட்டிக்கொள்ளும்

விற்காமல் மூட்டையில் கிடக்கிற சரக்கைப் பிரித்துப் பார்த்தால், டிசைன் பிடிக்காமல் நின்றதைவிட சைஸ் தப்பாகி நின்றதுதான் அதிகமாக இருக்கும். எந்த சைஸில் எத்தனை பீஸ் என்கிற கணக்குதான் ரேஷியோ. யாரோ ஒருவருடைய ரேஷியோவைக் காப்பியடிக்காமல் உங்கள் ஆட்களிடம் கேளுங்கள். கல்லூரிக் குழுவுக்கும் நாற்பது வயதுக்காரர்களின் நடைப்பயிற்சிக் குழுவுக்கும் ஒரே ரேஷியோ வராது. முன்பதிவு வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால் 100 பீஸுக்கு எஸ் 15, எம் 30, எல் 30, எக்ஸ்எல் 20, டபுள் எக்ஸ்எல் 5 என்று தொடங்கி, உங்களுக்குத் தெரிந்த ஆட்களை மனதில் வைத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எஸ், எம், எல் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சைஸுக்கும் நெஞ்சகலம், தோளின் உச்சியிலிருந்து அடிவரை நீளம், தோள் அகலம், கை நீளம், கைவாய், கழுத்து அகலம், கழுத்துப் பட்டியின் உயரம் எல்லாம் சென்டிமீட்டரில் வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வரை கூடக்குறைய இருக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். இந்தத் தாளோடு பிரிண்டின் இடம், லேபிளின் இடம், தையல் வகை, துணி விவரம் சேர்ந்தால் அதுதான் டெக் பேக். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். கையால் வரைந்த படத்தில் அளவு தெளிவாக இருந்தாலே கட்டிங் மாஸ்டருக்குப் போதும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அளவு சொல்கிறவர்களை எந்த மாஸ்டருக்கும் பிடிக்காது.

படி 4: துணி

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். சட்டையின் அடக்க விலையில் பாதி துணிதான்.

டி-ஷர்ட்டுக்கு வழக்கமான துணி சிங்கிள் ஜெர்சி. அதன் கனத்தை ஜிஎஸ்எம்மில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது கணக்கு. 140, 150 என்றால் மெலிசு, உள்ளே போடுகிற பனியனுக்குப் பக்கம். வெளியே போடுகிற சட்டைக்கு 180 நன்றாக நிற்கும். 220-க்கு மேல் போனால் கனமான ஓவர்சைஸ் ரகம். நூலில் கோம்ப்டு, கார்டட் என்று கேட்பார்கள். கோம்ப்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்திருப்பார்கள். துணி வழவழப்பாகவும் சீக்கிரம் உருண்டை கட்டாமலும் இருக்கும். பயோ வாஷ் என்பது என்சைம் கொண்டு மேலே நிற்கிற பஞ்சை நீக்குவது. முதல் லாட்டுக்கு 180 ஜிஎஸ்எம், கோம்ப்டு, பயோ வாஷ், காம்பாக்டிங் முடிந்தது என்று கேட்டு வாங்கினால் பெரிதாகத் தப்பு வராது.

எவ்வளவு துணி வேண்டும்? எல் சைஸுக்கு உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10. கூட்டினால் 104. நெஞ்சகலம் 54, அதற்குத் தையல் 4, ஆக 58. 104-ஐ 58-ஆல் பெருக்கி, முன்னும் பின்னும் என்று இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர சென்டிமீட்டர். அதை 180-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 217 கிராம். வெட்டுக் கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 240 கிராம். ஆக கிலோவுக்கு நான்கு சட்டை, 200 சட்டைக்கு 48 கிலோ. கலருக்கு 25 கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டிக்கு லைக்ரா கலந்த ரிப் (இழுத்தால் நீண்டு திரும்புகிற பின்னல் துணி) தனியாக, கலருக்கு ஒரு கிலோ போதும். ரிப்பும் உடல் துணியும் ஒரே ஷேடா என்று டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டு வைத்திருந்தால், துணி பற்றவில்லை என்று யூனிட்டிலிருந்து போன் வரும்போது சண்டை போடாமல் பேச முடியும். வெட்டிய கழிவையும் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தொழில் வழக்கம்தான்.

துணி வாங்கியதும் ஒரு துண்டில் 50-க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் அழியாத பேனாவால் வரைந்து, வீட்டு வாஷிங் மெஷினில் மூன்று முறை துவைத்துக் காயப்போட்டு அளந்து பாருங்கள். 50 சென்டிமீட்டர் 47.5 ஆகியிருந்தால் ஐந்து சதவீதச் சுருக்கம். 72 சென்டிமீட்டர் சட்டை துவைத்த பிறகு 68.4-க்கு வந்து நிற்கும். போடுகிறவர் கையைத் தூக்கினால் வயிறு தெரியும். அவ்வளவு சுருங்கினால் துணியைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பேட்டர்னில் (துணி வெட்டுவதற்கான அட்டை மாதிரி) நீளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். சதுரம் சாய்சதுரமாகக் கோணிப் போயிருந்தால் தைத்த சட்டையின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வரும். அந்தத் துணியே வேண்டாம். கூடவே ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். கருப்பு, சிவப்பு, அடர் நீலம் மூன்றிலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

சாயம் பற்றி இன்னொன்று. நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டு, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் சுத்திகரிப்புக்கு ஆகிற செலவு டையிங் கூலியில் சேர்ந்தே வரும். எல்லோரும் ஒரு விலை சொல்லும்போது ஒருவர் மட்டும் பாதி விலைக்குச் சாயம் போட்டுத் தருகிறேன் என்றால், கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். பில் தருகிற, ஆலையின் பெயரைச் சொல்லத் தயங்காத இடத்தில் வாங்குவது ஆற்றுக்கும் நல்லது, சட்டைக்கும் நல்லது.

எக்ஸ்போர்ட் மிச்சத் துணி மலிவாகக் கிடைக்கும். ஒரே ஒரு முறை செய்கிற விழாச் சட்டைக்கு அருமையான வழி. பிராண்டாக வளர்க்க நினைத்தால் யோசியுங்கள், ஏனென்றால் அதே துணி, அதே ஷேடு மறுபடி வராது.

படி 5: யூனிட்டைத் தேர்ந்தெடுப்பது

திருப்பூர் காதர்பேட்டை மொத்தக் கடைகளில் விசாரித்தால் யார் சின்ன லாட் எடுப்பார்கள் என்று சொல்வார்கள். லேபிள் கடை, நூல் கடை, பிரிண்டிங் பட்டறை ஆட்களிடம் கேட்பது அதைவிட நல்லது. எந்த யூனிட் ஒழுங்காகப் பணம் கொடுக்கிறது, எது இழுத்தடிக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். லேபிள்காரருக்கு ஒழுங்காகக் கொடுக்கிற யூனிட் டெய்லருக்கும் ஒழுங்காகக் கொடுக்கும்.

நேரில் போங்கள். டி-ஷர்ட்தான் அங்கே வழக்கமாக ஓடுகிறதா? லெக்கிங்ஸ் தைக்கிற யூனிட்டில் டி-ஷர்ட் கொடுத்தால் பழகுவதற்கே உங்கள் லாட் முடிந்துவிடும். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி போடுகிறார்களா? கூர் ஊசி இழையை அறுத்து, துவைத்ததும் தையல் ஓரமாகப் பொத்தல் விழ வைக்கும். வெளிச்சம், மின்விசிறி, கழிப்பறை, வெளியேறும் வழியை மறைக்காமல் அடுக்கிய மூட்டை, இதையெல்லாம் பாருங்கள். நியாயமான தயாரிப்பு என்று உங்கள் பையில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த நான்கையும் பார்க்காமல் அச்சடிக்காதீர்கள்.

திருப்பூர் தூரம் என்றால் உங்கள் ஊரிலேயே தேடுங்கள். அரசுப் பள்ளிகளின் இலவசச் சீருடையைத் தைக்கிற மகளிர் தையல் தொழில் கூட்டுறவு சங்கங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. சுய உதவிக் குழுக்கள் நடத்துகிற தையல் கூடங்களும் உண்டு. நெசவுத் துணியில் சட்டை, குர்தா, பை போன்றவற்றுக்கு இவர்களின் உறுப்பினர்கள் நன்றாகக் கை பழகியவர்கள். பனியன் துணிக்குத்தான் ஓவர்லாக், பேட்லாக் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நெசவுத் துணிக்கு ஈரோட்டு ஜவுளிச் சந்தை, கைத்தறிக்குச் சென்னிமலை போன்ற ஊர்களின் கூட்டுறவு சங்கங்கள் என்று வழி நிறைய. கைத்தறித் துணியின் அகலத்தை மட்டும் முதலிலேயே அளந்துவிடுங்கள். பேட்டர்னை அந்த அகலத்துக்குள் அடக்கினால்தான் விலை கட்டும்.

படி 6: சாம்பிள் இல்லாமல் ஒரு பீஸ்கூட வெட்டக்கூடாது

எல் சைஸில் ஒரு சாம்பிள் தைக்கச் சொல்லுங்கள், அதற்குரிய காசைக் கொடுத்து. சாம்பிள் டெய்லர் ஒரு சட்டைக்கு அரை நாள் செலவழிப்பார். அதை இலவசமாகக் கேட்பது நியாயம் இல்லை. உண்மையான துணியில், உண்மையான ரிப்பில் தைத்திருக்க வேண்டும். அளந்து பாருங்கள், ஒருவரைப் போடச் சொல்லிக் கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தலை சிரமமில்லாமல் நுழைகிறதா, கழற்றிய பிறகு கழுத்து பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்பது முக்கியம். பிறகு துவைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

திருத்தம் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தினம் ஒன்றாகச் சொல்லாதீர்கள். சரியான சாம்பிள் வந்ததும் இரண்டு தைத்து, இரண்டிலும் நீங்களும் ஓனரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் இந்தச் சட்டைதான் சாட்சி.

படி 7: அடக்க விலைக் கணக்கு, எங்கே பேரம் பேசக்கூடாது

கீழே இருக்கும் ரூபாய்த் தொகைகள், கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நூல் விலை மாறும்போது துணி விலையும் மாறும், நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணியும் ரிப்பும் பீஸுக்கு 122 ரூபாய். ஒரு கலர் பிரிண்ட் 25. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் கூலி எல்லாம் சேர்த்து 60. லேபிள், பை 12. வண்டி வாடகை 6. இதுவரை 225. சாம்பிள், பேட்டர்ன் செலவு 3,000 ரூபாயை 200-ஆல் வகுத்தால் 15. மொத்தம் 240, ஆக லாட்டுக்கு 48,000 ரூபாய். 200-இல் ஆறு பீஸ் ஏதாவது குறையோடு ஒதுங்கும் என்று வைத்தால் நல்ல சட்டை 194. அடக்கம் 247 ரூபாய்.

இப்போது வழக்கமாக எல்லோரும் பேரம் பேசுகிற இடத்தைப் பாருங்கள். தையல் கூலியில் நான்கு ரூபாய் குறைத்தால் மொத்த லாட்டில் மிச்சம் 800 ரூபாய். அந்த 800-க்காக யூனிட் உங்கள் லாட்டை வேறொரு பெரிய ஆர்டருக்குப் பின்னால் தள்ளும், அல்லது புதிதாகச் சேர்ந்த டெய்லரிடம் கொடுக்கும். குறை பீஸ் ஆறுக்குப் பதில் பன்னிரண்டு ஆனால் 1,500 ரூபாய் போய்விடும். சைஸ் தப்பாகி 30 சட்டை விற்காமல் நின்றால் 7,410 ரூபாய் முடங்கும். சேமிக்க வேண்டியது சைஸ் தாளிலும், ஸ்கிரீன் எண்ணிக்கையிலும், துணிச் சோதனையிலும்தான். கூலியில் கைவைத்தால் உங்கள் கையே சுடும்.

திருப்பூரில் பவர் டேபிள் யூனிட்டுகளின், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட்டுகளின் கூலி சைமா என்கிற தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கத்தோடு பேசி ஒப்பந்தமாக முடிவாகிறது. தொழிற்சங்கங்கள் தொழிலாளர் சம்பளத்துக்குத் தனியாக ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தம் இருந்தும் சொன்ன உயர்வு கைக்கு வரவில்லை என்று ஓனர்களே போராட்டம் நடத்துகிற தொழில் இது. சின்ன லாட்டுக்கு வழக்கமான ரேட்டைவிடக் கூடக் கேட்பார்கள், அதன் காரணத்தைப் படி 2-இல் பார்த்துவிட்டோம்.

படி 8: கட்டிங் மேஜையிலிருந்து மூட்டை வரை

ரோலாக வந்த துணியைப் பிரித்து ஒரு நாளாவது தளர்வாகக் கிடக்க விட வேண்டும். இழுத்துச் சுற்றிய துணியை உடனே வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கிச் சட்டை சின்னதாகிவிடும். அவசரம் என்று நீங்கள்தான் முடுக்குவீர்கள், ஆகவே இந்த ஒரு நாளை முன்கூட்டியே தேதியில் சேர்த்துவிடுங்கள். ஒரே கலரில் இரண்டு ரோல் இருந்தால், ஒரு ரோலின் முன்பாகமும் இன்னொன்றின் கையும் ஒரே சட்டையில் கலக்காதபடி பண்டிலுக்கு நம்பர் போடச் சொல்லுங்கள். மேஜையில் ஒன்றுபோலத் தெரிகிற ஷேடு போட்டோவில் காட்டிக் கொடுத்துவிடும்.

பிரிண்டை வெட்டிய முன்பாகத்தில் அடிப்பது வழக்கம். கெட்டுப்போனால் ஒரு துண்டோடு போகும், முழுச் சட்டையும் வீணாகாது. எம் சைஸுக்கும் டபுள் எக்ஸ்எல்லுக்கும் பிரிண்ட் கழுத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று எழுதியிருக்கிறீர்களா, பாருங்கள்.

தையல் தொடங்குகிற நாள் காலையில் அங்கே இருங்கள். முதல் ஐந்து சட்டையைக் கையெழுத்துப் போட்ட சாம்பிளோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நாள் முழுக்கத் தோளுக்குப் பின்னால் நிற்பது டெய்லருக்கு எரிச்சல். முடிந்ததும் 200 பீஸையும் செக் செய்ய வேண்டும், இவ்வளவு சின்ன லாட்டில் பத்துக்கு ஒன்று எடுத்துப் பார்க்கிற முறை எதற்கு? எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், பிசிறு நூல், கழுத்துக் கோணல், ஊசிப் பொத்தல். கறை துடைத்தால் போகும், தையல் பிரித்துத் தைக்கலாம், பொத்தல் போகாது. நல்லது, சரிசெய்யக்கூடியது, ஒதுக்க வேண்டியது என்று மூன்று குவியலாகப் பிரித்து வையுங்கள். யார் தவறு, யார் ஏற்பது என்று துணி கொடுக்கும் முன்பே பேசியிருந்தால் இந்த இடம் சுமுகமாகப் போகும். துணிக் குறை உங்களுடையது, தையல் குறை அவர்களுடையது என்பது பொதுவான நியாயம்.

நாள் கணக்கும் பாருங்கள். ஆடி முடிந்தால் தீபாவளி சரக்கு ஓடத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் 200 பீஸ் லாட்டுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். தீபாவளி, பொங்கல் முடிந்ததும் ஊருக்குப் போன ஆட்கள் திரும்பச் சில நாள் ஆகும். வேலை மந்தமான மாதங்களில் ஆர்டர் கொண்டு வருகிறவரை யூனிட் மறக்காது.

படி 9: பணம்

துணி உங்களுடையது என்றால் கூலியில் பாதியை முன்பணமாகக் கொடுத்து, மீதியைச் சரக்கு எடுக்கும்போது கொடுப்பது சின்ன லாட்டுக்கு நியாயமான ஏற்பாடு. திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை. யூனிட்காரருக்கு உங்கள் பணம் வெள்ளிக்கிழமை வந்தால் அது டெய்லர் கைக்குப் போகும். திங்கள்கிழமை வந்தால், அதற்குள் அவர் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டிருப்பார். மூன்று நாள்தான் வித்தியாசம், ஆனால் அந்த வட்டி உங்கள் அடுத்த ரேட்டில் வந்து உட்காரும்.

சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. 2023-இல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்தது: இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். கடையோ கம்பெனியோ நடத்துகிறவர்கள் ஆடிட்டரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் இன்னும் உத்யம் பதிவு செய்யவில்லை என்றால் உட்கார்ந்து செய்து கொடுங்கள். இணையத்தில் இலவசம், ஆதாரும் பானும் போதும். எந்தப் பாராட்டுப் பதிவையும்விட அவருக்கு அது உதவும்.

படி 10: லேபிள், வரி, பெயர்

இது சுருக்கமாக. சட்டையில் சைஸ், துணி வகை, துவைக்கிற முறை வேண்டும். பையிலோ தொங்கு அட்டையிலோ தயாரிப்பாளர் அல்லது பிராண்டு உரிமையாளரின் பெயர், முகவரி, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, சைஸ், புகாருக்குத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். பையில் அடைத்து விற்றால் எண்ணிக்கையும் தயாரித்த மாதம், ஆண்டும் சேரும். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. பொருள் மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் கணக்கு வேறு. பெயரைக் காப்பாற்ற டிரேட் மார்க்கில் 25-ஆம் வகுப்பு ஆடைக்குரியது. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய். லேபிளை ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன்பே அந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

படி 11: விற்பதும், விற்றுக் கொடுப்பதும்

599 ரூபாய் விலை வைத்துக் கடைக்காரருக்கு 35 சதவீதம் கொடுத்தால் உங்கள் கைக்கு 389. அதில் அடக்கம் 247, பிறகு வரி, போட்டோ, திருப்பி வந்த சரக்கு. கூரியர், பைக்காசு எல்லாம் போக எவ்வளவு நிற்கிறது என்று எழுதிப் பார்த்துவிட்டு விலையை முடிவு செய்யுங்கள். முதல் நாளே 40 சதவீதத் தள்ளுபடி என்று பலகை வைக்கிற விலை சின்ன லாட்டுக்குச் சரிவராது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளூர் டிசைனரின் சரக்கை விற்ற பிறகு பணம் என்று வாங்கி வைத்து, மூலை ராக்கில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தூசியோடு திருப்பிக் கொடுப்பதற்கு ஆதரவு என்று பெயர் வைக்க வேண்டாம். 20 பீஸ் போதும், பணம் கொடுத்து வாங்குங்கள். சொந்தப் பணம் போட்ட சரக்கைத்தான் கடைப் பையன் முன்னால் எடுத்துப் போடுவான். எந்த சைஸ் முதலில் போனது, எதைப் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள் என்று எழுதிக் கொடுத்தால் அது டிசைனருக்குக் காசைவிடப் பெரிது.

வாங்குகிறவர்கள் முன்பதிவுக்குப் பணம் கட்டுவதே பெரிய உதவி. 194-இல் 60 பீஸுக்கு முன்பணம் வந்துவிட்டால் யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டிய கூலி முழுக்கக் கையில் இருக்கும்.

படி 12: இரண்டாவது லாட்

முதல் லாட் விற்கும்போதே ஒரு நோட்டில் கலர் வாரியாக, சைஸ் வாரியாக விற்ற தேதியைக் குறித்து வாருங்கள். முக்கால் பங்கு போனதும் யூனிட்டைக் கூப்பிடுங்கள், முழுக்கத் தீரும் வரை காத்திருந்தால் இரண்டு மாதம் சரக்கில்லாமல் நிற்பீர்கள். பேட்டர்ன், ஸ்கிரீன், கையெழுத்துப் போட்ட சாம்பிள் மூன்றும் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரீனைச் சில பட்டறைகளில் கழுவி வேறு வேலைக்கு எடுத்துவிடுவார்கள். முதலிலேயே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள்.

இந்த முறை சாம்பிள் செலவு இல்லை, டெய்லருக்கும் உங்கள் கழுத்துப் பட்டி பழகியிருக்கும். ரேட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இதுதான். குறைத்துத் தாருங்கள் என்று தொடங்காமல், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 300 பீஸ் வரும், பணம் வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லுங்கள். ஓனர் தானாகவே ஒரு ரேட் சொல்வார். துணிக்காரரிடம் பழைய பில்லில் இருக்கிற ஷேடு எண்ணைக் காட்டி, பழைய சட்டையின் ஒரு துண்டையும் கொடுத்து வாங்குங்கள். டபுள் எக்ஸ்எல் ஐந்து பீஸும் முதல் வாரத்திலேயே போயிருந்தால் எஸ்ஸில் ஐந்தைக் குறைத்து அதில் சேர்த்துவிடுங்கள். புதுத் துணியையும் 50-க்கு 50 சதுரம் வரைந்து துவைத்துப் பார்த்த பிறகுதான் கட்டிங் மேஜைக்கு அனுப்ப வேண்டும்.